மாட்டுவண்டியும் மூன்றாம் விதியும்



நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிரின்சிப்பியா’ என்னும் நூலில் இயக்க விதிகள் மூன்றை வகுத்துரைத்தார். அவற்றை ஒப்பிப்பது எளிது. உள்ளபடி நம்புவதுதான் அரிது. இதை எனக்கு உணர்த்தியவன் என் மாணவன் ஒருவன்.

லால்குடியில் நான் ஆசிரியப் பணி தொடங்கிய புதிதில் ஒரு நாள், ‘ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு’ என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து உழவர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்தான். “ஐயா, மாடு வண்டியை இழுக்கும் அளவுக்கு வண்டியும் மாட்டைப் பின்னுக்கு இழுக்கிறது என்றால், வண்டி எப்படி நகரும்?” என்றான். வகுப்பு சிரித்தது. “எழுதிக்கொண்டு உட்கார்” என்றேன். உண்மையில், விடை எனக்கே தெளிவாக இல்லை. அன்றிரவு அவ்வினா என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் சில வீட்டுப் பொருள்களைப் பையில் எடுத்துச் சென்றேன்.

முதலில், ஒரு தம்ளரின் மேல் அஞ்சலட்டையையும் அதன்மேல் ஒரு காசையும் வைத்தேன். அட்டையை விரலால் சுண்டியதும் அது பறந்தது. காசு தம்ளருக்குள் விழுந்தது. அட்டை விரைந்து விலகியதால், உராய்வு காசை உடனிழுத்துச் செல்ல நேரம் போதவில்லை. நின்ற பொருள் நிற்கவே முனைகிறது. ஓடும் பொருளும் அப்படியே ஓடவே முனைகிறது. திருவரங்கத்தில் தேரை அசைக்கப் பல நூறு கைகள் வேண்டும். ஓடத் தொடங்கிய தேரை நிறுத்த முட்டுக்கட்டை வேண்டும். இதுவே முதல் விதி.

அடுத்து, ஒரே அளவான இரண்டு தகரடப்பாக்களைக் கயிற்றில் தொங்கவிட்டேன். ஒன்று வெறுமை, மற்றொன்றில் மணல். இரண்டின் எடையையும் கயிறுகளே தாங்கின. ஆயினும் விரலால் ஒரே அளவாகத் தள்ளியபோது வெறும் டப்பா துள்ளி விலகியது. மணல் டப்பா சற்றே அசைந்தது. விசை ஒன்றாயின், நிறை மிகுந்த பொருளின் வேகம் மெதுவாகவே மாறும். இது இரண்டாம் விதி.

இறுதியாக, மேசைமீது உருண்டைப் பென்சில்களைப் பரப்பி, அவற்றின்மேல் ஒரு மெல்லிய அட்டையை வைத்தேன். சாவி கொடுத்த பொம்மை மோட்டாரை அதன்மீது விட்டேன். மோட்டார் முன்னே சென்றது. அட்டை பின்னே உருண்டது. நேற்று வினவிய பையனை அழைத்து, “உன் மாடு எதைப் பின்னே தள்ளுகிறது?” என்று கேட்டேன். சிறிது சிந்தித்து, “தரையை” என்றான். பிறகு அவனாகவே, “சேற்றில் குளம்பு வழுக்கினால் வண்டி நகராதது அதனால்தானா ஐயா?” என்றான்.

ஆம், விடை அங்கேதான் இருக்கிறது. வினையும் எதிர்வினையும் ஒரே பொருளின்மீது செயற்படுவதில்லை. ஆகவே அவை ஒன்றையொன்று அழித்துவிடுவதில்லை. மாடு தரையைப் பின்னே தள்ள, தரை மாட்டை முன்னே தள்ளுகிறது. இத்தள்ளல், வண்டி மாட்டைப் பின்னிழுப்பதைவிட மிகும்போது மாடு முன்னேறுகிறது. மாடு இழுக்கும் விசை, சக்கரங்களைத் தடுக்கும் விசையைவிட மிகும்போது வண்டியும் உடன் புறப்படுகிறது. பூமியின் நிறை அளவிறந்ததாதலால் அது பின்னடைவது நம் கண்ணுக்குப் புலனாவதில்லை.

“நேற்று உன்னை உட்காரச் சொன்னது என் பிழை” என்று வகுப்பின் முன்பே அவனிடம் கூறினேன். அன்று யாரும் சிரிக்கவில்லை.

கருவிகள் இல்லையே என்று வருந்தாதீர்கள். கலிலியோ பள்ளம் செதுக்கிய மரப்பலகையில் வெண்கல உருண்டையை உருட்டினார். பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே வடிந்த நீரை நிறுத்து நேரத்தை அளந்தார். 1638-இல் வெளியான தம் நூலில் இதனை விவரித்திருக்கிறார். பலகையும் நீரும் நம் வீட்டிலும் உண்டு. அவற்றோடு, விளங்காததை விளங்கவில்லை என்று எழுந்து கேட்கும் துணிவும் வேண்டும். அத்துணிவு உங்களுக்கும், அதை மதிக்கும் பணிவு எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் வாய்க்குமாக.