ஜின்செங் வேரும் சிந்தனைத் திறனும்

பரீட்சைக் காலம் நெருங்குந்தோறும் பாடசாலை அதிபர்களாகிய எம்மிடம் பெற்றோர் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு. "ஐயா, பிள்ளைக்கு ஞாபகசக்தி கூடுவதற்கு ஏதேனும் குளிசை வாங்கிக் கொடுக்கலாமா?" என்பதே அது. முதியோரைப் பராமரிப்போரும் இதே வினாவை வேறு சொற்களிற் கேட்கின்றனர். சோர்ந்த மனத்துக்கு ஊக்கம் தரும் மருந்தைத் தேடுவோரும் உளர். இவ்வாறு தேடுவோர் கண்ணில் அடிக்கடி படும் பெயர் ஜின்செங். அவ்வேரின் சாறு சேர்ந்த குளிசைகள் சிந்தனையைக் கூர்மையாக்கும், மனத்துக்குத் தெம்பளிக்கும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. அக்கூற்றில் உண்மை எவ்வளவு, அவ்வுண்மையை அறியும் வழி யாது என்பவற்றை இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லன், கலைத்துறையிற் கற்றவன். ஆயினும், ஒரு கூற்றுக்குச் சான்று யாது என்று வினவுவது எத்துறையினர்க்கும் உரிய கடமையேயாகும்.

ஜின்செங் என்பது கொரியாவிலும், சீனத்தின் வடகிழக்கிலும், அதனை அடுத்த ருஷ்ய நாட்டுக் காடுகளிலும் இயற்கையாக வளரும் சிறு செடி. நிழலை விரும்புவது, மிக மெதுவாக வளர்வது. கொரியாவிலே செந்நிற ஜின்செங் எனப் பெயர் பெற்ற உயர்ந்த வகைக்கு 6 ஆண்டு வளர்ந்த வேரையே அகழ்ந்தெடுத்து, நீராவியில் அவித்து உலர்த்துவர். கிளைத்த வேர் கையும் காலும் உடைய மனித வடிவத்தை ஒத்திருத்தலின், சீனர் அதற்கு மனித வேர் என்று பொருள்படும் பெயரை இட்டனர். மனத்தை அமைதிப்படுத்தி அறிவைத் துலக்கும் மூலிகையெனச் சீனரின் பழைய மருத்துவ நூல்கள் அதனைப் போற்றுகின்றன. மேனாட்டுத் தாவரவியலார் அச்செடியின் இனத்துக்கு வழங்கிய பெயர் பானக்ஸ். கிரேக்க மொழியிற் பிறந்த அச்சொல்லை நாம் சர்வரோக நிவாரணி என்று மொழிபெயர்க்கலாம். பெயரிலேயே இத்துணை நம்பிக்கையைச் சுமந்து வந்த மூலிகைகள் மிகச் சிலவே.

இவ்வேரின் புகழ் மேனாடு சென்ற வரலாறு சுவையானது. சீனப் பேரரசர் காங்சியின் ஆணைப்படி நாட்டின் வரைபடம் தயாரிக்கும் பணியில் ஈடுபட்டிருந்த யேசு சபைக் குருவானவர் பியேர் ஜார்த்தூ என்பவர், 1709ஆம் ஆண்டிலே கொரிய எல்லைக்கு அருகில் இச்செடியைக் கண்டார். 1711இல் அவர் எழுதிய கடிதமொன்றில் தம் அநுபவத்தை விவரித்தார். வேரை உண்டு ஒரு மணி நேரத்தின் பின் தம் நாடித்துடிப்பு வலுப்பெற்றதாகவும், பசியும் உற்சாகமும் மிகுந்ததாகவும் அவர் கூறினார். வேறொரு நாள், குதிரைமீது அமரவும் இயலாதபடி களைத்திருந்தபோது, உடன் சென்ற அதிகாரி ஒருவர் கொடுத்த வேரை உண்டபின் களைப்பு நீங்கியதாகவும் எழுதினார். இத்தகைய செடி கனடாவின் காடுகளிலும் இருத்தல் கூடும் என்று ஊகிக்கவும் செய்தார்.

அக்கடிதத்தைப் படித்த மற்றொரு குருவானவராகிய லாபித்தோ, கனடாவின் மொன்றியல் நகருக்கு அருகில் தேடி, 1716இல் அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியைக் கண்டெடுத்தார். அதன்பின் வட அமெரிக்க வேர்கள் கப்பல் கப்பலாகச் சீனம் சென்றன. 1784இல் நியூயோர்க்கிலிருந்து சீனத்துக்குப் புறப்பட்ட முதல் அமெரிக்க வணிகக் கப்பல், ஏறத்தாழ 30 தொன் ஜின்செங்கைச் சுமந்து சென்றது. குருவானவரின் ஒரு கடிதம் இரண்டு கண்டங்களை வணிகத்தால் இணைக்கத் துணைபுரிந்தது எனலாம்.

நேயர்களே, ஜார்த்தூ பொய்யுரைத்தார் என்று எவரும் கூறார். தாம் உணர்ந்ததை அவர் உள்ளபடியே எழுதியிருப்பார். ஆயின், அந்தக் களைப்பைப் போக்கியது எது? வேரா? வேரை உண்ணுதற்காகக் குதிரையினின்றும் இறங்கிப் பெற்ற ஓய்வா? "இஃது அரசர்கள் உண்ணும் அருமருந்து" என்று கேட்டுக் கேட்டு மனத்தில் எழுந்த எதிர்பார்ப்பா? இம்மூன்றும் ஒருங்கே நிகழ்ந்தமையால், அவரேகூட அவற்றைப் பிரித்தறிந்திருக்க இயலாது. மருந்து உண்டபின் நலம் பெற்றோம் என்பது ஒன்று. மருந்தினால் நலம் பெற்றோம் என்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேற்றுமையே இன்றைய பேச்சின் சாரம்.

இவ்வேற்றுமையைக் காண்பதற்கு ஆராய்ச்சியாளர் எளிய உபாயம் ஒன்றைக் கையாளுகின்றனர். தொண்டர்களை இரு பிரிவினராகப் பிரித்து, ஒரு பிரிவினர்க்கு மருந்துள்ள குளிசையையும், மற்றப் பிரிவினர்க்கு உருவத்திலும் நிறத்திலும் அதனையே ஒத்த, மருந்தில்லாக் குளிசையையும் வழங்குவர். எது யாருக்குக் கிடைத்தது என்பதை உண்பவரும் அறியார். அவரைச் சோதிப்பவரும் அறியார். எதிர்பார்ப்பு இரு பிரிவினர்க்கும் சமமாகிவிடுவதால், எஞ்சி நிற்கும் வேறுபாடு மருந்தின் பயன் என்று கொள்ள இடமுண்டு. பரீட்சை விடைத்தாளில் மாணாக்கரின் பெயரை மறைத்துச் சுட்டெண் மாத்திரம் எழுதுவிக்கிறோம் அல்லவா? அதனை ஒத்த நீதியே இதுவும்.

இந்தத் துலாக்கோலில் ஜின்செங் எவ்வாறு நின்றது? 2001ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலே, நல்ல உடல்நலமுடைய இளவயதினர் 83 பேர் 8 வாரங்கள் பங்குகொண்டனர். சிலர் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் ஜின்செங் சாற்றையும், சிலர் 400 மில்லிகிராமையும், ஏனையோர் மருந்தில்லாக் குளிசையையும் உட்கொண்டனர். முடிவில் அவர்தம் மனநிலையை ஒப்பிட்டபோது, ஜின்செங் உண்டோர் மற்றையோரினும் மேம்பட்டிருக்கவில்லை.

அதே 2001ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த வேறோர் ஆய்வு சற்று வேறான செய்தியைத் தந்தது. அதிற் பங்குகொண்டோர் 20 இளைஞரே. ஒரே தடவையில் 400 மில்லிகிராம் உண்டவர்களின் நினைவுத்திறன் சில மணி நேரம் மேம்பட்டது. ஆனால் 200 மில்லிகிராமும் 600 மில்லிகிராமும் உண்டபோது, பிந்திய சோதனைகளிலே கவனத்தின் வேகம் குறைந்தது. 400 மில்லிகிராம் உண்டபோது நினைவு மேம்பட்டவர்களே, 6 மணி நேரம் கழித்துத் தம் விழிப்புணர்வு குன்றியதாகக் கூறினர் என்பதையும் நோக்குங்கள். அளவு கூடினால் பயனும் கூடும் என்ற எண்ணம் இங்கே பொய்த்தது. தம்மைப் பற்றித் தாமே கொள்ளும் உணர்வும், சோதனையிற் காட்டும் திறனும் வெவ்வேறு வழிகளிற் செல்லக்கூடும் என்பதும் புலனாயிற்று.

இவ்வாறு முரண்பட்ட முடிவுகள் வரும்போது, தனியோர் ஆய்வைப் பற்றிக்கொள்ளாமல் அனைத்தையும் சேர்த்து நிறுத்தல் வேண்டும். 2010இல் கொக்ரேன் என்னும் மருத்துவச் சான்று மதிப்பீட்டு அமைப்பு அவ்வாறு செய்தது. தகுதியுடையனவாகக் கண்ட 9 பரிசோதனைகளை அது ஆராய்ந்தது. சில கூறுகளில் முன்னேற்றத்துக்கான அறிகுறிகள் தென்பட்டன. எனினும், நலமுள்ளோரின் அறிவுத்திறனை ஜின்செங் உயர்த்தும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. மறதிநோயாளர்க்கு அது பயன்படும் என்பதற்குத் தரமான சான்றே இல்லை என்பதே அதன் முடிபு.

இதனால் ஜின்செங் வெறும் மாயை என்று நான் தீர்ப்புக் கூற முன்வரவில்லை. ஜின்செனோசைட்டு எனப்படும் பல பொருள்கள் அவ்வேரில் உள்ளன. அவை உடலிற் செயற்படும் ஆற்றலுடையன. ஆற்றலுடையன என்பதனாலேயே எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. சிலர்க்கு அது தூக்கத்தைக் கெடுக்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் என்னும் மருந்தின் பலனைக் குறைக்கக்கூடும். நீரிழிவுக்கு மருந்துண்போரின் இரத்தச் சர்க்கரையை மேலும் தாழ்த்தக்கூடும். இயற்கையில் விளைந்தது என்ற ஒரே காரணத்தால் எதுவும் தீங்கற்றதாகிவிடாது. வைத்தியருக்குத் தெரிவியாமல் இதனை உண்ணுதல் நன்றன்று.

இனி, நம் இல்லங்களுக்கு வருவோம். தந்தையாரின் மறதி நாளுக்கு நாள் மிகுமானால், குளிசைப் புட்டியை வாங்கிவைத்து மாதக்கணக்கிற் காத்திருத்தல் பெருந்தவறு. உயிர்ச்சத்து பி12 குறைவும், கேடயச் சுரப்பியின் மந்தமும், மனச்சோர்வு நோயும் மறதியாகத் தோன்றுவதுண்டு. இவை வைத்தியர் கண்டறிந்து சிகிச்சை செய்யத்தக்கவை. காத்திருந்த மாதங்களே அங்கு இழப்பாகின்றன. வாட்டம் நீங்காத ஒருவர்க்கு வேரின் சாற்றைக் கொடுத்துவிட்டு, அவர் துயரைக் கேளாதிருப்பதும் அத்தகையதே.

மாணாக்கர் திறத்திலும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். இரவிலே போதிய உறக்கமும், படித்ததை ஏட்டை மூடிவைத்துத் தானே சொல்லிப்பார்க்கும் பழக்கமும், சில நாள் இடைவெளியில் மீண்டும் படித்தலும் நினைவை உறுதிப்படுத்துவன என்பதற்குச் சான்றுகள் நிறைய உள. நம் வீட்டு வல்லாரைச் சம்பலும் நல்ல உணவே, உண்ணட்டும். ஆனால் அதன் புகழையும் இதே துலாக்கோலில் இட்டே நிறுத்தல் முறை. அயல்நாட்டு வேருக்கு ஒரு நீதி, நம் கீரைக்கு வேறு நீதி என்பது அறிவுடைமையன்று.

குளிசை உண்டு சித்தியடைந்த பிள்ளை, அடுத்த பரீட்சைக்கும் குளிசையையே நம்புவான். தன் உழைப்பினாற் சித்தியடைந்தேன் என்று அறிந்த பிள்ளையோ தன்னை நம்புவான். அவனுக்கு உரிய பெருமையை ஒரு புட்டிக்கு உரியதாக்கிவிடாதீர்கள்.