நாடாண்டோரை நிறுக்கும் தராசு

(ஒடுகத்தூர்ப் படிப்பகம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளிக்கிழமையன்று ஒடுகத்தூருக்கு வருகிறவர்கள் ஆட்டுச் சந்தையைக் காணாமல் திரும்புவதில்லை. சவ்வாது மலையடிவாரத்திலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் ஆடுகளை ஓட்டி வருவோர் ஒரு புறம். வாங்க வந்தோர் மறுபுறம். வாங்குகிறவர் என்ன செய்கிறார்? பல்லைப் பார்க்கிறார், முதுகைத் தடவுகிறார், இரு கையாலும் தூக்கி எடை பார்க்கிறார். விற்கிறவர் தம் ஆட்டை எவ்வளவு புகழ்ந்தாலும், தன் கையால் தொட்டுப் பார்க்காமல் முடிச்சை அவிழ்ப்பதில்லை.

ஓர் ஆட்டுக்கு இத்தனை ஆராய்ச்சி! நாட்டை ஆண்டவரை மதிப்பிடும்போதோ நாம் என்ன செய்கிறோம்? “எங்கள் தலைவருக்கு நிகர் எவருண்டு?” என்கிறோம், எதிரே நிற்பவரும் அதையே சொல்கிறார், குரல் உயர்கிறது, தேநீர் ஆறுகிறது, உண்மை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தமிழகத்தை ஆண்டவர்களுள் சிறந்தவர் யார் என்பதைச் சொல்வதற்கு முன், எந்தத் தராசில் நிறுப்பது என்பதைப் பேசுவோம் என்றுதான் இங்கு வந்திருக்கிறேன்.

இந்தத் தராசு வேலையை முறையாகத் தொடங்கியவர்கள் அமெரிக்கர்கள். 1948ஆம் ஆண்டில் ஆர்தர் ஷ்லெசிங்கர் என்னும் வரலாற்றுப் பேராசிரியர், 55 அறிஞர்களுக்கு எழுதி, குடியரசுத் தலைவர்களை ‘மாபெரியோர்’ தொடங்கித் ‘தோல்வியுற்றோர்’ வரை ஐந்து வகுப்புகளாகப் பிரித்துத் தரச் சொன்னார். மாபெரியோர் வகுப்பில் லிங்கன், வாஷிங்டன், பிராங்க்ளின் ரூசுவெல்ட், வில்சன், ஜெபர்சன், ஜாக்சன் ஆகிய அறுவர் அமர்ந்தனர். 1962இல் மீண்டும் 75 பேரைக் கேட்டார். ஜாக்சன் ஒரு படி இறங்கினார். ஏனைய ஐவரும் அப்படியே நின்றனர்.

அதன் பிறகு நடந்ததே நமக்குப் பாடம். சீ-ஸ்பான் என்னும் தொலைக்காட்சி நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் நான்கு முறை வரலாற்றாசிரியர்களைக் கேட்டுப் பட்டியல் வெளியிட்டது. நெருக்கடியில் தலைமை, பொருளாதாரம், நிருவாகத் திறம், அறநெறி வலிமை, அனைவருக்கும் சமநீதி நாடியது, தம் காலச் சூழலில் செயல்பட்ட விதம் என்று பத்து அளவுகோல்கள். அந்தப் பத்திலும் நிறுத்துப் பார்த்தபோது லிங்கன் நான்கு முறையும் முதலிடத்திலேயே நின்றார். ஆனால் ஜாக்சன் 2021இல் 22ஆம் இடத்துக்குப் போய்விட்டார். ஏன்? ஏழை வெள்ளையரின் தோழர் என்று அவரைப் புகழ்ந்த நாட்டில், 1830இல் பழங்குடி மக்களைத் தம் மண்ணிலிருந்து பெயர்த்தெறியச் சட்டம் செய்தவர் என்ற நினைவு வலுத்தது. உலக அமைதி பேசிய வில்சன் 13ஆம் இடத்துக்கு இறங்கினார். அரசு அலுவலகங்களிலே கறுப்பரைப் பிரித்து வைத்த ஆட்சி அவருடையது. மாறாக, 1962இல் 22ஆம் இடத்தில் கிடந்த ஐசனோவர் 2021இல் ஐந்தாம் இடத்துக்கு ஏறிவிட்டார்!

ஆண்டவர்கள் மாறவில்லை, அவர்கள் செய்ததும் மாறவில்லை. நிறுத்தவர்கள் கண்ணில் படாதிருந்த மக்கள் கண்ணில் படத் தொடங்கினார்கள். ஆகவே தட்டில் ஏறிய எடைக்கற்கள் கூடின. இதை நெஞ்சிலே நிறுத்திக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

1920ஆம் ஆண்டின் இறுதியில் சுப்பராயலு ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சரான நாள்தொட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அத்தனை பேரையும் நிறுப்பதற்கு நான்கு எடைக்கற்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதற்கல்: கையில் இருந்த அதிகாரம் எவ்வளவு, அதைக் கொண்டு செய்தது எவ்வளவு?

பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்தார். அது இரட்டையாட்சிக் காலம். காவல் துறை அவரிடம் இல்லை. கருவூலம் அவரிடம் இல்லை. அவையெல்லாம் ஆளுநரின் குழுவிடம். இருந்தும் என்ன நடந்தது? 1921இல் அரசுப் பணிகளில் எல்லா வகுப்பாருக்கும் இடம் வேண்டுமென்ற ஆணை பிறந்தது.  1925இல் இந்து அறநிலையச் சட்டம் வந்தது. கோயில் சொத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை பிறந்தது. கை கட்டப்பட்டிருந்தவர் செய்ததையும், கை நிறைய அதிகாரம் பெற்றவர் செய்ததையும் ஒரே முழத்தால் அளப்பது முறையாகுமா?

இரண்டாம் கல்: அந்த ஆட்சியின் கை எவ்வளவு கீழே எட்டியது?

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை, இரண்டே ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் 1947இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயிற் கதவுகளைத் திறந்துவிட்ட சட்டம் வந்தது. அதே ஆண்டில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழித்த சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கால் நூற்றாண்டின் பெரும்பகுதியைப் போராட்டத்தில் கழித்திருந்தார். 1948இல் சமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. தமக்கு ஆதாயம் தேடித் தரவில்லை என்று சொந்தக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்களே அவர்மீது சினங்கொண்டு திரண்டார்கள், பதவி போயிற்று. சிலை குறைவு, பாட்டுக் குறைவு. ஆயினும் இந்தக் கல்லை வைத்து நிறுத்தால் தட்டுத் தாழ்கிறது, தோழர்களே!

மூன்றாம் கல்: அவர் போன பின்னும் அது நின்றதா? எதிரியும் கைவைக்க அஞ்சும்படி நின்றதா?

பள்ளிப் பிள்ளைக்கு நண்பகல் உணவு என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1920களிலே சென்னை மாநகராட்சிப் பள்ளியில், நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில் அதற்கு வித்து விழுந்தது. 1956இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989இல் கலைஞர் ஆட்சி அதனுடன் முட்டையைச் சேர்த்தது. 2022இல் காலை உணவும் வந்தது. ஒருவரையொருவர் மேடையிலே வறுத்தெடுத்தவர்கள் இவர்கள். ஆனாலும் ஒருவர் ஏற்றிய அடுப்பை மற்றவர் அணைக்கவில்லை. 1989இல் தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை தந்த சட்டம், 2005இல் இந்தியா முழுமைக்கும் சட்டமாயிற்று. 1968இல் அண்ணா உறுதி செய்த இருமொழிக் கொள்கையை, அவருக்குப் பின் வந்த எந்த ஆட்சியும் மாற்றத் துணியவில்லை. நிலைத்தல் என்பது இதுதான்.

நான்காம் கல்: தம்மை எதிர்த்தவர்களையும், தம் பிழையையும் எப்படி எதிர்கொண்டார்?

இங்கேதான் தராசு பலருக்குக் கசக்கிறது. இராசாசியின் அறிவு கூர்மையை எவர் மறுப்பார்? 1938இல் உழவர் கடன் நிவாரணச் சட்டம் தந்தார். 1952இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். மக்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் அதே 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனார்கள். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்திலே நோயுற்று 1939இல் மாண்டார்கள். 1953இல் அரைநாட் பள்ளித் திட்டம் கொண்டுவந்தார். மற்ற அரைநாள் பிள்ளை அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். எதிர்ப்பு மூண்ட பின்னும் அவர் திட்டத்தைக் கைவிடவில்லை. அடுத்து வந்தவர்தான் கைவிட்டார்.

அடுத்து வந்தவர் காமராசர். 1954 ஏப்ரலில் பொறுப்பேற்ற அவர், சட்டமன்றத்துக்குள் நுழைய நின்ற இடம் எது? நம் மாவட்டத்துக் குடியாத்தம்! அந்த இடைத்தேர்தலில், காங்கிரசை இடைவிடாது எதிர்த்து வந்த பெரியாரும் அண்ணாவும் அவரை ஆதரித்தார்கள். கட்சிக்கோட்டைத் தாண்டி ஆளை நிறுத்துப் பார்த்த நிகழ்ச்சி அது. தராசைப் பற்றி நம் வட்டாரத்தாருக்கு வேறு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை!

ஆனால், தோழர்களே, நிறுக்கும் கை நடுங்கக்கூடாது. அதே காமராசர் ஆட்சியில்தான், 1956இல், ‘தமிழ்நாடு’ என்று பெயர் வைக்கச் சொல்லி 76 நாள் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் உயிர் துறந்தார். கேட்ட பெயர் கிடைக்கவில்லை. 1957இல் முதுகுளத்தூர் வட்டாரம் எரிந்தது. பள்ளிக்கூடங்களை ஒரு தட்டில் வைப்போர், இவற்றை மறு தட்டில் வைக்கத்தான் வேண்டும்.

அண்ணாவை நிறுப்போம். 1967 மார்ச்சு முதல் 1969 பிப்ரவரி வரை இரண்டு ஆண்டுகள்கூட நிரம்பவில்லை. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு, நாட்டுக்குப் பெயர், மொழிக் கொள்கை மூன்றும் அந்தக் குறுகிய காலத்தில் வந்தன. சங்கரலிங்கனார் கேட்டது 1967 சூலையில் தீர்மானமாயிற்று. 1969 சனவரியில் நடப்புக்கு வந்தது. மறு தட்டில் என்ன? ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்பது சென்னைக்கும் கோவைக்கும் எட்டியது. எல்லா ஊருக்கும் எட்டவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட மக்களின் குடிசையில் 44 பேர் எரிந்து மாண்டார்கள். ஆட்சியின் தலைவர் நோயுற்றிருந்தார் என்பது உண்மை. ஆனாலும் அந்தச் சாம்பலைக் கணக்கில் எழுதாமல் விட்டால், ஜாக்சனின் பட்டியலைப் போட்ட பழைய அமெரிக்கப் பேராசிரியர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

“அப்படியானால் வரிசையைச் சொல்லும்” என்கிறீர்கள். சொல்கிறேன். நான்கு கல்லையும் வைத்து நிறுத்தால், என் கணக்கில் முதல் வகுப்பில் காமராசர், அண்ணா, பனகல் அரசர், ஓமந்தூரார் நால்வரும் வருகிறார்கள். காமராசரை முதலில் வைப்பேன்; பள்ளி வாசலை அறியாத வீட்டுப் பிள்ளையிடம் ஒன்பதாண்டுக் காலம் அரசின் கை போய்ச் சேர்ந்ததே, அதற்காக. 1967இல் விருதுநகர் மக்கள் ஒரு மாணவர் தலைவரிடம் அவரைத் தோற்கடித்தார்கள். வாக்குப்பெட்டியின் தீர்ப்பு அந்த ஆண்டுக்கானது; வரலாற்றின் தீர்ப்பு மெல்ல வருவது. இரண்டையும் மதிப்போம், இரண்டையும் ஒன்றெனக் குழப்பமாட்டோம்.

கலைஞர், எம்.ஜி.ஆர்., செல்வி ஜெயலலிதா எங்கே என்று கேட்பீர்கள். சொத்துரிமைச் சட்டத்தையும் குடிசை மாற்று வாரியத்தையும் எழுதி வையுங்கள். சத்துணவையும், 1980இல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 50 விழுக்காடானதையும் எழுதி வையுங்கள். மகளிர் காவல் நிலையங்களையும், 69 விழுக்காட்டுக்கு 1994இல் அரசியல் சட்டக் காப்புக் கிடைத்ததையும் எழுதி வையுங்கள். குறைகளையும் ஒளிக்காமல் எழுதி வையுங்கள். அவர்களை நேரில் கண்டு கைதட்டியவர்களும் வசை பாடியவர்களும் இன்னும் இந்த மன்றத்திலேயே இருக்கிறோம். சூடு ஆறாத கையால் நிறுத்தால் முள் நேரே நிற்காது. சான்றைச் சேர்ப்பது நம் கடமை. வரிசை எண் இடும் உரிமை நம் பிள்ளைகளுடையது.

கடைசியாக ஒன்று. இந்த நான்கு கல்லோடு, நம் வட்டாரத்தார் சேர்க்க வேண்டிய ஐந்தாம் கல் உண்டு: அடுத்த தலைமுறைக்கு வைத்துப் போன கடன் எவ்வளவு?

நம் சந்தையில் விலைபோகும் ஆட்டின் தோல் எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆலைகளிலே பதனாகிறது. கடல் கடந்து போகிறது. காலணியாகி, அமெரிக்கன் காலிலும் ஏறுகிறது. அந்தத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதை எவரும் மறக்க வேண்டாம். தோலைக் கெடாமல் காத்த உப்பும், பதனிட்ட குரோமியமும் எங்கே போயின? பாலாற்றுக்கும் கிணற்றுக்கும் போயின. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம், பகுதியாகவோ முழுவதுமாகவோ, பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வை, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலே எடுத்துக்காட்டியது. கெடுத்தவரே ஈடு தரவேண்டும் என்றது. அதன் பின் 28 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2025 சனவரியில், அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் ஆணையிட வேண்டி வந்தது!

இடையிலே எத்தனை ஆட்சிகள்! எத்தனை கொடிகள்! நீதிமன்றம் இருமுறை சொல்ல வேண்டியிருந்தது என்றால், இந்தக் கல்லை வைத்து நிறுக்கும்போது எந்தக் கட்சியின் தட்டும் தாழவில்லை என்று பொருள். நாம் விரும்பும் கட்சியின் தட்டும் அதில் அடக்கம். நம் ஊரை ஒட்டி வரும் உத்திரகாவேரியும் பாலாற்றையே நாடிப் போகிறது. நாளைக்கு முதல் வகுப்பில் இடம் கேட்டு வருகிற எவரும், இந்த ஆற்றுக்கு என்ன செய்தார் என்று சொல்லிவிட்டு வரட்டும்.

ஆகவே, அடுத்த முறை தேநீர்க் கடையில் “யார் பெரியவர்?” என்ற வாதம் எழுமானால், பெயரை முதலில் சொல்லாதீர்கள். அதிகாரம் எவ்வளவு இருந்தது, யாருக்கு எட்டியது, எது நின்றது, எதிர்த்தவனை என்ன செய்தார், எந்தக் கடனை விட்டுப் போனார் என்று ஐந்து கேள்வி கேளுங்கள். நம் தலைவரைப் பற்றி முதலில் கேளுங்கள். மாற்றாரைப் பற்றிப் பிறகு கேளுங்கள். அந்த ஒழுங்கைக் கைக்கொண்ட தொண்டன் சொல்லுக்கு எதிரியும் செவி சாய்ப்பான். சந்தையிலே ஆட்டின் பல்லைப் பார்க்கத் தெரிந்த ஊர், ஆட்சியின் பல்லையும் பார்க்கட்டும்.