சேம அச்சு



இன்றைய உரையின் பொருள் இலக்கியத் தொடர் ஒன்றுக்குச் சற்றுப் புறம்பானதாக உங்களுக்குத் தோன்றக்கூடும். பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றின் பின் அச்சைப் பற்றிப் பேசப்போகிறேன். தமிழ் படிப்பிக்கும் ஒருவனுக்குக் காரின் அச்சோடு என்ன அலுவல் என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. 1971இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எங்கள் அப்பாவிடம் இருந்தது 948 சீசீ எஞ்சின் பூட்டிய கார். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் எப்படி ஓடின என்பதை மூத்த நேயர்கள் அறிவார்கள். சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எரிபொருளுக்கே அந்த நிலை என்றால் அச்சுக்கு உரிய எண்ணெய்க்கு எங்கே போவது? அப்பா கிடைத்த எண்ணெயை ஊற்றினார்.

1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்தபோது, அந்தக் காரில்தான் நாங்களும் தென்மராட்சிக்குப் போனோம். அப்போது நான் பள்ளிக்கூட மாணவன். அரிசி மூட்டை, பாத்திர பண்டம், அப்பாச்சி, அயலவரின் பிள்ளைகள் என்று கார் தாழ்ந்து நிலத்தைத் தொட்டுவிடும் போலிருந்தது. மயிற்பீலியே ஆனாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். அன்று எங்கள் அச்சு முறியவில்லை. ஆனால் 1996இல் ஊர் திரும்பிய பிறகு, காரின் பின்புறத்திலிருந்து மெல்லிய முனகல் ஒன்று கேட்கத் தொடங்கியது.

அப்பா அந்த முனகலோடேயே பல ஆண்டுகள் ஓட்டினார். ஒழுங்கை முகப்பில் ஓசை கேட்டதும் அம்மா எழுந்துபோய்ப் படலையைத் திறந்துவைப்பார். அப்பா காலமான பின் கார் என் கைக்கு வந்தது. முனகல் ஊளையாக வளர்ந்திருந்தது. “வித்துப்போட்டு வேற வாங்குங்கோ மாஸ்ரர்” என்றார்கள் நண்பர்கள். நான் அப்பாவின் பழைய மெக்கானிக்கிடம் போனேன். அவருக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. “தம்பி, முதல்ல காதைக் குடு. பிறகு சாவியை எடுப்பம்” என்றார்.

இருவரும் பண்ணைப் பாலத்து வீதியில் ஓடிப் பார்த்தோம். அவர் பின் ஆசனத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ரயரின் ஓசையாக இருந்தால் வீதி மாறும்போது அதுவும் மாறும். சில்லுப் பெயாரிங்கின் ஓசை வேகத்தோடு கூடிக் குறையும். வளைவில் காரின் பாரம் ஒரு பக்கம் சாயும்போது வேறுபடும். அக்சிலேற்றரை மிதிப்பதும் விடுவதும் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. எங்கள் காரிலோ மிதித்தால் ஊளை உயர்ந்தது. விட்டால் தணிந்து வேறு சுருதியில் ஒலித்தது. “இது பல்லின்ர சத்தம்” என்றார் அவர்.

எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முடிவில் பினியன் என்ற சிறிய பற்சில்லு இருக்கிறது. அது கிறவுண் வீல் என்ற பெரிய பற்சில்லைச் சுழற்ற, அதிலிருந்து இரு பின்சில்லுகளுக்கும் விசை போகிறது. மைனரின் இந்த அச்சில் பினியன், பெரிய சில்லின் நடுவுக்குச் சற்றுக் கீழே பொருந்துகிறது. அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் செல்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே தனியான எண்ணெய் உண்டு. மற்ற எண்ணெய் நாளடைவில் பல்லைத் தின்றுவிடும்.

அடைப்பைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார். எண்ணெய் குறைந்திருந்தது, விரலில் இரும்புத்தூள் மினுங்கியது. பினியன் சீலும் ஒழுகியிருந்தது. உரிய எண்ணெயை நிரப்பியதும் ஊளை சிறிது தணிந்தது, நிற்கவில்லை. “பெயாரிங்கை மட்டும் மாத்தினால் என்ன அண்ணை?” என்று கேட்டேன். தேய்ந்த பற்கள் தேய்ந்த இடத்திலேயே ஒன்றோடொன்று பழகியிருக்கும், இடம் சற்று மாறினால் சத்தம் கூடவும் கூடும் என்று விளக்கினார். பினியனும் கிறவுண் வீலும் ஒன்றோடொன்று பொருத்தித் தீட்டப்பட்ட சோடி. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது.

ஆகவே இன்னொரு மைனரின் டிபரன்ஷலைத் தேடினோம். முதலில் கிடைத்ததில் பெரிய சில்லுக்கு 38 பற்கள், சிறியதற்கு 9. அது பின்னாளைய 1098 சீசீ காருக்கு உரியது. எங்களுடையது 41க்கு 9. மலிவாகக் கிடைத்ததை மாட்டியிருக்கலாம். ஏற்றம் இல்லாத யாழ்ப்பாணத்தில் கார் ஓடத்தான் செய்யும். ஆனால் வேகமானி உண்மையிலும் குறைவான வேகத்தைக் காட்டும். பொய் சொல்லும் கார் வேண்டாம் என்று காத்திருந்தோம். சில மாதங்களில் 41க்கு 9 அகப்பட்டது. புதிய பெயாரிங், புதிய சீல், உரிய எண்ணெய் ஆகியவற்றோடு பூட்டினார்.

புறநானூற்றின் 102ஆவது பாட்டில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை; வண்டியில் பாரமோ மிகுதி. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ, யாரறிவார்? ஆதலால் வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதுவே சேம அச்சு. அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஔவையார் ஒப்பிடுகிறார். வகுப்பில் பல ஆண்டுகளாக நான் படிப்பித்துவரும் பாட்டு அது. தந்தைக்குப் பின் பாரத்தைத் தாங்க நிற்கும் மகனுக்கு ஏன் அந்த உவமை என்பது, கராஜில் கறுத்த கையோடு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. சேம அச்சு, முறிந்த அச்சைப் போல முனகிக்காட்டத் தேவையில்லை. பாரத்தைச் சுமந்தாற் போதும்.

அன்று மாலை காரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஊளை இல்லை. படலை பூட்டியே கிடந்தது. நான் இறங்கித் திறந்தேன். அம்மா விறாந்தைக்கு வந்து, “சத்தம் கேட்கேல்லையே தம்பி” என்றார். கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “இனி முகப்பில வரேக்க ஹோர்ன் அடி. நான் வந்து திறக்கிறன்” என்றார்.

இப்போதெல்லாம் ஒழுங்கை முகப்பில் ஒருமுறை ஹோர்ன் அடிக்கிறேன்.