கையும் காலும் கற்கும் கல்வி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுதல் நம் சங்கத்தின் மரபு. அதற்குரிய புலமை எனக்கில்லை. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றுபவன் நான். ஆயினும், பெற்றோர் பலர் கூடியுள்ள இவ்வவையில், நம் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். அதிலும், ஓவியம், சிற்பம் முதலிய கலைப் படிப்பையும், உடற்கல்வி, விளையாட்டுப் பயிற்சி முதலிய படிப்பையும் பற்றியே பேச எண்ணுகின்றேன். இவ்விரண்டையும் படிப்பென்றே ஒப்புக்கொள்ளாத வீடுகள் நம்மிடையே இன்னும் பல உள்ளன அல்லவா?

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கியபோது, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர், உடல் வலிமை ஒன்றையே முதலாகக் கொண்டு வந்தனர். சாம்பியன் ரீப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், அனல் வீசும் பாறைகளுக்கிடையே, அவ்வலிமையைச் செலவிட்டனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று முதல் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் இரயிலே நம் ஊரின் புதிய சுரங்கம் ஆயிற்று. கிடைத்த வேலையைத் தேடிப் பெங்களூர் செல்வதும், இரவு திரும்புவதும் நம் இளைஞர்களின் வாழ்வாகிவிட்டன. ஆகவே, “எந்தப் படிப்பு விரைவில் சோறு போடும்?” என்று பெற்றோர் கேட்பதில் தவறு காண இயலாது. அக்கேள்விக்கு மதிப்பளித்தே பேச விரும்புகின்றேன்.

முதலில் கலைப் படிப்பை நோக்குவோம். சென்னைக் கலைப் பள்ளியை 1850ஆம் ஆண்டில் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர். அதுவே இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. 1929ஆம் ஆண்டில் அதன் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரைக்குச் சென்றவர் அனைவரும் அவருடைய படைப்பொன்றைக் கண்டிருப்பர். பெரும்பாறையொன்றைப் புரட்ட முனையும் நான்கு மனிதரைக் கொண்ட உழைப்பாளர் சிலையே அது. 1959ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பெற்றது. கலைப் பள்ளியின் காவற்காரர் ஒருவரே அதற்கு மாதிரியாக நின்றவர்களுள் ஒருவர் என்பர். பாறையோடு போராடிய தந்தையரைக் கண்டு வளர்ந்த நம்மைவிட அச்சிலையின் பொருளை நன்குணரத் தக்கவர் யாவர்? அவ்வுருவங்களின் முதுகிலும் தோளிலும் புடைத்து நிற்கும் தசைகள் கற்பனையால் மட்டும் வந்தவையல்ல. எலும்பும் தசையும் எங்ஙனம் இயங்குகின்றன என்பதைப் பல்லாண்டுகள் கற்றறிந்த கையினால் வந்தவை.

கவின்கலைப் பட்டப் படிப்பு பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் கொண்டது. முதலாண்டில் அடிப்படைப் பயிற்சி. ஆளை எதிரில் நிறுத்தி வரைதல், தொலைவும் அண்மையும் தோன்ற வரைதல், வண்ணங்களின் இயல்பு, களிமண் வேலை, கலை வரலாறு ஆகியவற்றைக் கற்பிப்பர். பின்னர் ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, மட்பாண்டக் கலை, துணி வடிவமைப்பு என மாணவன் தனக்குரிய துறையில் செல்வான். நாள்தோறும் கூடத்தில் நின்று கையால் செய்து பழகவேண்டிய படிப்பு இது. தேர்வுக்கு முந்திய இரவில் மனப்பாடம் செய்து தப்பித்துக்கொள்ள இதில் வழியில்லை.

“கலைஞனுக்குச் சோறு எங்கே?” என்பீர்கள். கே.சி.எஸ். பணிக்கர் தந்தி இலாகாவில் பணியாற்றியவர். குடும்பச் சுமையை அறிந்தவர். அவ்வேலையை விட்டு, இருபத்தைந்தாம் வயதில் சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். 1957ஆம் ஆண்டில் அப்பள்ளிக்கே முதல்வரானார். அவரும் அவருடைய மாணவர்களும் பத்திக் என்னும் மெழுகுச் சாயத் துணிகளைச் செய்து விற்று, அப்பணத்தால் நிலம் வாங்கி, 1966ஆம் ஆண்டில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். கைத்தொழிலால் வயிற்றையும் கலையால் உள்ளத்தையும் காத்துக்கொண்டனர். இன்றோ பத்திரிகை, விளம்பரம், திரைப்படம், கணிப்பொறி வரைகலை, பள்ளி ஆசிரியப் பணி என வழிகள் பெருகியுள்ளன. பெங்களூரிலேயே கர்நாடக சித்திரகலா பரிஷத் கல்லூரி உள்ளது. ஆண்டுதோறும் சனவரித் திங்களில் குமாரகிருபா சாலையில் நடைபெறும் சித்திரச் சந்தைக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஓவியத்தை விலைகொடுத்து வாங்கும் எளிய மக்களையும் அங்கே காணலாம்.

இனி உடற்கல்விக்கு வருவோம். 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் அது இயங்குகின்றது. 1957ஆம் ஆண்டில் குவாலியரில் தொடங்கப்பெற்ற இலட்சுமிபாய் கல்லூரி உடற்கல்வியில் மூன்றாண்டுப் பட்டப் படிப்பைக் கொணர்ந்தது. பயிற்சியாளரை உருவாக்க 1961ஆம் ஆண்டில் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் எழுந்தது. 2005ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் விளையாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே இயங்கி வருகின்றது. இப்படிப்புகளில் ஓட்டமும் ஆட்டமும் மட்டும் இல்லை. உடற்கூறு, உடலியங்கியல், உளவியல், பயிற்சி முறை, முதலுதவி, நடுவர் பணி ஆகியனவும் உண்டு. சிற்பி எந்த எலும்பையும் தசையையும் கற்கின்றானோ, அவற்றையே பயிற்சியாளனும் கற்கின்றான். ஒருவன் அதைக் களிமண்ணில் நிலைநிறுத்துகின்றான். மற்றவன் அதை ஓட்டக்களத்தில் இயக்குகின்றான்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குதல் நன்று. உடற்கல்வி ஆசிரியர் வேறு. ஒரு விளையாட்டைக் கற்பிக்கும் பயிற்சியாளர் வேறு. வீரர்க்குக் காயம் நேராமல் காத்து, நேர்ந்தால் மீண்டும் களத்திற்கு ஆயத்தம் செய்பவர் வேறு. அமெரிக்காவில் இம்மூன்றாம் பணி தனித் தொழிலாகவே வளர்ந்து, அண்மை ஆண்டுகளில் முதுகலைப் படிப்பாக உயர்த்தப்பட்டுள்ளது. நம் நாட்டில் பெரும்பாலும் இயன்முறை மருத்துவம் பயின்றோரே அதைச் செய்கின்றனர். சுளுக்கிய காலோடு ஓடி, அத்தோடு ஆட்டத்தையே இழந்த இளைஞர் எத்தனை பேர்! அவர்களுக்கு ஊக்கம் இருந்தது; கற்றறிந்த துணை இல்லை.

அத்துணையின் பெருமைக்குச் சான்று வேண்டுமா? 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தில் நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை இழந்தவர் பி.டி. உஷா. சிறுமியாயிருந்த அவரைக் கண்டெடுத்து உருவாக்கிய நம்பியார், பாட்டியாலாவில் பயிற்சி பெற்றவர். உஷா பின்னர் பணியாற்றியது தென்னக இரயில்வேயில் என்பதைச் சொல்வதில் இரயில்வே ஊழியனாகிய எனக்கு ஒரு பெருமை. வெளியூர் எடுத்துக்காட்டும் தேவையில்லை. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடி, 1965ஆம் ஆண்டில் அருச்சுனா விருது பெற்ற கென்னத் பவல் பிறந்தது இத்தங்கவயலில்தானே!

பெரியோர்களே! இப்படிப்புகளை மிகைப்படக் கூறி உங்களை மயக்க விரும்பவில்லை. பட்டம் பெற்றோர் அனைவர்க்கும் வேலை காத்திருக்கவில்லை. இரயில்வேயில் விளையாட்டு வீரர்க்கென இடங்கள் உண்டு. ஆனால் அவை பட்டத்துக்கல்ல, களத்தில் காட்டிய திறமைக்கே கிடைப்பவை. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேண்டுவோர், சேரும் கல்லூரி தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் ஒப்புதல் பெற்றதா என்று முன்னரே பார்த்தல் வேண்டும். கலைக் கல்லூரியில் இடம் பெற, மதிப்பெண் மட்டும் போதாது. வரைந்து காட்டும் தேர்வும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு பென்சிலைத் தேடுவோர் அதில் தேறுதல் அரிது. ஆகவே, ஆயத்தம் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே தொடங்க வேண்டும்.

பெண்மக்களைப் பெற்றோர்க்கு ஒரு சொல். வரையத் தெரிந்த பெண்ணுக்குக் கோலத்தோடும், ஓடத் தெரிந்த பெண்ணுக்குப் பள்ளி விளையாட்டு விழாவோடும் கதவை அடைத்துவிடுகின்றோம். பெண்கள் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியைகளும், பெண் குழுக்களுக்குப் பயிற்சியாளர்களும் தேவைப்படுகின்றனர். அவ்விடங்கள் நம் பெண்களுக்கும் உரியவையே.

இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் சிறுவர்க்கு ஓவிய வகுப்பு நடத்த வேண்டும். காலையில் பயிற்சிபெறும் பிள்ளைகளுக்கு, கற்றறிந்த ஒருவரைக் கொண்டு முறையான பயிற்சியும் முதலுதவியும் அளிக்க வேண்டும். பெங்களூர், மைசூர், சென்னைக் கல்லூரிகளின் விண்ணப்ப நாள், கட்டணம், உதவித்தொகை விவரங்களை ஆண்டுதோறும் திரட்டிச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இம்மூன்றாவது பணியை நானே ஏற்றுக்கொள்கின்றேன். நாளும் கட்டணமும் பிழையின்றி எழுதுதல் எழுத்தனின் தொழிலே ஆகும்.

நம் முன்னோரின் கையும் காலும் பிறருக்குப் பொன் எடுத்துத் தந்தன. அவர்தம் பேரப்பிள்ளைகளின் கையும் காலும் தமக்கெனக் கல்வி கற்கட்டும். பிள்ளை சுவரில் வரைந்தால் அதட்டுமுன் ஒருமுறை உற்றுப் பாருங்கள்; தெருவில் ஓடினால் தடுக்குமுன் எவ்வளவு விரைவாய் ஓடுகின்றது என்று பாருங்கள். அதன் பிறகு அவனோடும் அவளோடும் கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.