காலுக்கு அளவான சப்பாத்து

(பாடசாலை நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

ஒரு வைத்தியரை மேடையில் ஏற்றினால் சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், நடவுங்கள் என்றுதான் சொல்லுவார் என்பது உங்களுக்குத் தெரியும். நானும் நடக்கத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் காலில் எதைப் போட்டுக்கொண்டு நடப்பது என்பதுதான் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளரும் உங்கள் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரிந்த கலை. ஒரு வெள்ளை ஸ்னீக்கர் சப்பாத்தை வாங்கி, அதன் மேற்பூச்சை அசற்றோனால் துடைத்தெடுத்து, தோலுக்கென்றே உள்ள அக்ரிலிக் வர்ணத்தை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, திரும்பவும் பூசி, கடைசியில் காப்புப் பூச்சுக் கொடுக்கிறார்கள். அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினால் விரல் மடியும் இடத்தில் வெடித்துவிடும். பெயர் எழுதுவார்கள், பூ வரைவார்கள், அம்மாவின் பழைய சேலைக் கரையை வெட்டித் தைப்பார்கள். இதைத் தொழிலாகவே செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "உங்களுக்கு எப்படி வேண்டும்?" என்று கேட்டு, அந்த ஒருவருக்காக மட்டும் செய்வது இந்தத் தொழிலின் உயிர்.

எங்கள் கிளினிக்கிலும் அதே கேள்விதான் கேட்கப்பட வேண்டியிருக்கிறது. அங்கே அளவு பிழைத்தால் போவது சப்பாத்தின் அழகல்ல, கால்.

நீரிழிவு பல வருடம் இருந்தவர்களுக்குப் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்ல உணர்வு இழக்கும். நாங்கள் ஒரு நைலோன் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்துவோம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. இறுக்கமான சப்பாத்துக் கடிப்பது அந்தக் காலுக்குத் தெரியாது. உள்ளே கிடக்கும் கல்லும் தெரியாது. விரல்களின் அடியில் அழுத்தம் விழும் இடத்தில் முதலில் காய்ப்பு வரும், காய்ப்பின் கீழ் புண் வரும், புண்ணில் கிருமி ஏறும். நோவில்லாததால் ஆள் நடந்துகொண்டே இருப்பார். கடைசியில் விரலை எடுக்க வேண்டி வரும், சிலருக்குக் காலையே எடுக்க வேண்டி வரும்.

எனது ஊர் உருத்திரபுரம். இரணைமடுத் தண்ணீரில் விளையும் மண். பத்தாம் வாய்க்கால் பக்கத்து விவசாயி ஐயா ஒருவரிடம் செருப்புப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குங்கள் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். சேற்றில் செருப்பு நிற்காது. வீட்டுக்குள்ளும் செருப்புப் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. சிவன் கோயிலுக்குப் போனால் வாசலில் கழற்றத்தான் வேண்டும். பங்குனி, சித்திரை மத்தியான வெயிலில் வெளிவீதி சுற்றிவிட்டு வந்து, அடுத்த நாள் உள்ளங்காலில் கொப்புளத்தோடு வரும் அம்மாமார் உண்டு. சுட்டது அவர்களுக்குத் தெரியவே இல்லை. அவர்களுடைய பக்தியை நான் குறை சொல்ல மாட்டேன். காலை வேளையில் சுற்றுங்கள், அம்மா என்றுதான் சொல்லுவேன்.

உணர்வற்ற காலுக்கு என்ன செருப்பு என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் தமிழ்நாட்டில் வேலை செய்தவர். கொல்லிமலையில் 1914இல் பிறந்த போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. நோவு தெரியாததால் ஏற்படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். நாங்கள் ஒரு காலில் நொந்தால் நொண்டுவோம், பாரத்தை மாற்றி வைப்போம். நோவு தெரியாதவர் அதே இடத்தில் ஆயிரம் முறை மிதிப்பார். அதனால் நுண்குமிழ் இறப்பரில் மெத்தென்ற உள்ளடி வைத்த செருப்புகள் வேலூரிலும் கரிகிரியிலும் உருவாகின. 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபோது, அதே அறிவு நீரிழிவுக் கால்களுக்கும் பொருந்தியது.

அந்தச் செருப்பு எப்படி இருக்கும்? அழுத்தத்தைப் பகிர மெத்தென்ற உள்ளடி. முள்ளும் ஆணியும் ஏறாதபடி தடித்த வெளியடி. உணர்வற்ற காலிலிருந்து செருப்புக் கழன்று போனாலும் தெரியாது, ஆகவே குதிக்காலைச் சுற்றி ஒரு வார். விரலுக்கிடையில் வார் கிடையாது, அது அறுத்துப் புண்ணாக்கும். தைக்கலாம், ஒட்டலாம், ஆணி மட்டும் அடிக்கக் கூடாது. புண் ஆறிய இடத்துக்கு நேரே உள்ளடியைக் குடைந்து பாரத்தைக் குறைக்க வேண்டும். விரல் இழந்தவருக்கு அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே செருப்புச் செய்ய முடியாது. பல பேருக்கு வலக்காலும் இடக்காலுமே ஒன்றுபோல் இருப்பதில்லை.

காலை இழந்தவர்களிடம் வருவோம். வன்னியில் இதைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஷெல்லும் மிதிவெடியும் எத்தனை வீடுகளுக்குள் புகுந்தன என்பது இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஆனால் 1990களில் கால் இழந்த பிள்ளைக்கு இன்றைக்கும் புதிய கால் தேவை, ஏனென்றால் செயற்கைக் காலும் தேயும்.

ஜெய்ப்பூர்க் கால் 1968இல் பிறந்தது. அதில் இரண்டு பேரின் கை இருக்கிறது. ஒருவர் எடின்பரோவில் பயின்ற எலும்பியல் நிபுணர் பி.கே. சேத்தி. மற்றவர் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத சிற்பக் கைவினைஞர் ராம் சந்திர சர்மா. மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்துப் போட வேண்டும். அதை வைத்துக்கொண்டு சம்மணமிட முடியாது, குந்த முடியாது, வயலில் இறங்க முடியாது. எங்கள் சனம் எப்படி இருந்து எழும்புகிறது என்பதைப் பார்த்துச் செய்தது ஜெய்ப்பூர்க் கால். பாதம் இறப்பரால் ஆனது. மேலே உள்ள கால்பகுதியைத் தண்ணீர்க் குழாய் செய்யும் பிளாஸ்ரிக்கைச் சூடாக்கி, அந்த ஆளின் காலில் எடுத்த பரிஸ் சாந்து அச்சின் மேல் படியவைத்துச் செய்வார்கள். 1981இல் திருச்சிக்கு அருகே விபத்தில் சிக்கிக் கால் இழந்த சுதா சந்திரன் 1984இல் திரும்பவும் மேடையேறி ஆடியது இந்தக் காலோடுதான்.

யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் தொடங்கியது. போர்க் காலத்திலும் அங்கே அரத்தின் சத்தம் கேட்டது. கிளிநொச்சியில் வெண்புறா நிலையத்திலும் கால்கள் செய்யப்பட்டன. அங்கெல்லாம் வேலை செய்த பலரின் பெயர் எந்த மலரிலும் வந்திருக்காது. அவர்களை இந்த மேடையில் நன்றியோடு நினைக்கிறேன்.

செருப்புத் தைப்பவரைச் சாதியின் பெயரால் தள்ளி வைத்த சமூகம் எங்களுடையது. ஒரு நோயாளியின் காலை நான் மருந்தால் பாதி காப்பாற்றினால், மீதியைக் காப்பாற்றுவது அந்தக் கைதான். இதை வைத்தியராக என் அனுபவத்தில் சொல்லுகிறேன்.

இங்கேதான் ஸ்னீக்கருக்கு வர்ணம் பூசும் பிள்ளைகளை நான் நினைக்கிறேன். நல்ல செருப்பைச் செய்து கொடுத்தாலும் பலர் போடுவதில்லை. கேட்டால், "அது வருத்தக்காரச் செருப்பு, டொக்டர். போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போனால் எல்லாரும் காலைத்தான் பார்ப்பினம்" என்பார்கள். மூலையில் கிடக்கும் செருப்பு ஒரு காலையும் காப்பாற்றாது. அதே உள்ளடி, அதே வார், ஆனால் அந்த அக்கா கேட்ட நிறத்தில், அவர் விரும்பும் தையலோடு இருந்தால் போடுவார். செயற்கைக் கால் போடும் பிள்ளைக்கும் அப்படித்தான். வளரும் வயதில் ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை கால் மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் தனக்குப் பிடித்த படம் அதில் இருந்தால், மறைக்காமல் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். அழகும் இங்கே மருந்தின் ஒரு பங்கு.

சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள். ராகமையில் செயற்கை உறுப்புத் தொழில்நுட்பம் கற்பிக்கும் பாடசாலை இருக்கிறது. எமது மாணவி ஒருவர் அங்கே படிக்கச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். பெண் நோயாளர் பலர் காலைக் காட்டி அளவெடுக்கப் பெண் ஒருவரையே விரும்புகிறார்கள். இரண்டாவது, சித்திரமும் தையலும் நன்றாக வரும் பிள்ளைகள் எங்கள் பாடசாலையில் எப்போதும் உண்டு. அவர்களுக்குச் செருப்புத் தைக்கவும் உள்ளடி வெட்டவும் பழக்க ஒரு சிறு பட்டறை அமைத்துத் தாருங்கள். நூற்றாண்டு நினைவுக்குக் கல் நாட்டுவதோடு இதையும் செய்யுங்கள்.

மூன்றாவது வேண்டுகோள் வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும். அம்மாவுக்கு விலை கூடின சப்பாத்து அனுப்புகிறீர்கள். இலக்கத்தைக் கேட்டு வாங்காதீர்கள். பின்னேரம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், அம்மாவை ஒரு கடதாசியில் எழும்பி நிற்க விட்டு, இரண்டு பாதங்களையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாங்கும் சப்பாத்தின் உள்ளடி அந்தக் கோட்டை விட ஒடுங்கியிருந்தால் வேண்டாம். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். போட முதல் கையை உள்ளே விட்டுத் தடவச் சொல்லுங்கள். புதிதென்றால் முதல் நாள் ஒரு மணித்தியாலம் போதும், கழற்றியபின் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைபேசியில் கதைக்கும்போது "சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட பிறகு, "அம்மா, காலைக் காட்டுங்கோ" என்று கமெராவைத் திருப்பச் சொல்லுங்கள்.

இந்தப் பாடசாலை எங்களை வரிசையில் நிற்கப் பழக்கியது. ஆனால் வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியின் பெயரையும் ஆசிரியைகள் தனித்தனியே அறிந்திருந்தார்கள், எவளுக்கு எது வராது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆளைப் பார்த்து அளவெடுக்க நாங்கள் அவர்களிடம்தான் கற்றோம். அந்தப் பாடத்தை இனிக் கால்களுக்கும் கொண்டு போவோம்.