வேலையில் பட்ட காயத்துக்கு மஞ்சள் மட்டும் போதாது

(தோட்ட மாதர் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கவ்வாத்துக் கத்தி கையில் பட்டாலும், அட்டை கடித்து இரத்தம் நிற்காவிட்டாலும், மஞ்சள்தூளை அப்பிக்கொண்டு மலைக்குப் போவது நமது வழக்கம். மஞ்சளைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதன் குணத்தையும் எல்லையையும் தெரிந்துகொள்வோம்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். சில கிருமிகளின் வளர்ச்சியை அது தடுப்பதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் 100 கிராம் தூளில் அது சுமார் 3 கிராம்தான். சாப்பிட்டாலும் உடம்பில் சேருவது மிகக் கொஞ்சம். மிளகோடு சேர்ந்தால் கூடுதலாகச் சேருகிறது என்று 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே இரசத்தில் மிளகும் மஞ்சளும் போடுவது நல்ல பழக்கம், தொடருங்கள்.

காயம் வேறு விசயம். கடைத்தூள் கிருமி நீக்கிய மருந்து அல்ல. 2020இல் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை பல மடங்கு ஏறியபோது, மா கலந்த தூளும் விற்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஏற்பு வலிக் கிருமி மண்ணிலேயே இருக்கிறது. அதற்கு மஞ்சள் காவல் அல்ல, தடுப்பூசிதான் காவல். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான துணியால் கட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மஞ்சள் பூசிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டால், அந்தக் காயம் எந்தப் புத்தகத்திலும் ஏறாது. வேலையில் பட்ட காயத்தால் உறுப்பு பழுதானால் நட்டஈடு கேட்க, 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. எனது வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய்க்குக் கவ்வாத்து மலையில் விரல் வெட்டுப்பட்டது. ஆறு நாள் மஞ்சள் போட்டுப் பார்த்து, சீழ் பிடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்று அந்த விரலை மடக்க முடியாது. "வீட்டில் விறகு வெட்டும்போது பட்டது" என்று தோட்ட நிர்வாகம் கையை விரித்துவிட்டது. மறுத்துப் பேச நம்மிடம் ஒரு வரி எழுத்தில் இல்லை.

ஆகவே சின்னக் காயமாக இருந்தாலும் அன்றைக்கே கங்காணியிடம் சொல்லுங்கள். டிஸ்பென்சரியில் எழுதச் சொல்லித் துண்டு வாங்குங்கள். தோட்டத் தலைவரிடமும் தெரிவியுங்கள். ஒவ்வொரு மலைக்கும் முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று அடுத்த பேச்சுவார்த்தையில் நாம் கேட்கப் போகிறோம். "இங்கே யாருக்குக் காயம் பட்டது?" என்று துரை கேட்டால், காட்டுவதற்கு அந்தத் துண்டுகள் நமது கையில் இருக்க வேண்டும்.