செக்கிங் டேபிளில் ஏறாத கண்

திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளைப் பார்த்திருக்கிறீர்களா? டியூப்லைட்டுக்குக் கீழே துணியை விரித்து, ஒரு ஊசி ஓட்டை, துளி ஆயில் கறை இருந்தாலும் செக்கிங் பண்ணும் அக்கா ஒதுக்கிவிடுவார். அவருக்கே சர்க்கரை இருந்தால், அவர் கண்ணை யார் செக்கிங் பண்ணுவது?

சர்க்கரை கட்டுப்படாமல் போனால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியும். அதுவும் ஆயில் கறை மாதிரிதான். ஆனால் ஆரம்பத்தில் வலிக்காது, மங்காது. "கண்ணு நல்லாத்தானுங்க தெரியுது" என்போம். ஊசியில் நூல் கோக்க முடியாதபோதும் "நாப்பது தாண்டிருச்சுல்ல" என்று கண்ணாடிக் கடைக்குத்தான் போவோம்!

சர்க்கரை வந்து வருஷம் ஏற ஏற ஆபத்து கூடும். ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சிறுநீரகக் கோளாறு, புகைப் பழக்கம் சேர்ந்தால் இன்னும் மோசம். கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

முற்றினால் லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி, அறுவை சிகிச்சை எல்லாம் உண்டு. இவை பெரும்பாலும் இருக்கிற பார்வையைக் காக்கும். போனதை முழுசாக மீட்பது கடினம். அதனால் சீக்கிரமே கண்டுபிடிப்பதுதான் முக்கியம். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இதற்காக விழித்திரைப் படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லும் முறையைக் கூகுளோடு சேர்ந்து சோதித்திருக்கிறது.

சர்க்கரை என்று தெரிந்தவுடனே ஒருமுறை, பிறகு வருஷம் ஒருமுறை கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டுங்கள். பரிசோதனைக்காகச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். அன்றைக்கு மெஷினில் உட்காராதீர்கள், வண்டியும் ஓட்டாதீர்கள். கூட ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள்.